தீவகத்து மந்தம்: இரண்டாம் கிளிக் பற்றிய ஆய்வுக்கு ஒரு பாயிரம்

நெடுந்தீவுக் கிளையில் ஒருவர் மவுஸை அசைக்கிறார். யாழ்ப்பாணத் தலைமை அலுவலகக் கணினியில் அம்பு அசைகிறது. அசைந்த படம் திரும்பி நெடுந்தீவுத் திரைக்கு வருகிறது. அசைத்ததற்கும் அசைந்ததைக் கண்டதற்கும் இடைப்பட்ட பொழுதை இக்கட்டுரை ‘மந்தம்’ எனக் குறிக்கும். தீவகத்து வழக்கு ‘சுத்திக்கொண்டு நிக்குது’ என்பதாகும். இவ்வாறு தூரத்துக் கணினியை இயக்க உதவும் றிமோட் டெஸ்க்ரொப் 1998இல் விண்டோஸ் என்ரி 4.0இன் ஒரு தனிப் பதிப்போடு வெளிவந்தது முதல் இம்மந்தத்துக்குக் காரணம் கூறுவோர் உலகெங்கும் பலர். தீவகத்தில் கூறப்படும் காரணம் ஒன்றே: கடல்.

இக்கொள்கையினர் இரு திறத்தார். பழையோர் ‘தண்ணி தாண்டி வரவேணுமெல்லே’ என்பர். புதியோர் ‘சோளகம் தொடங்கிட்டுது’ என்பர். பழையோர் கூற்றுப் பொருந்தாது. என்னை? ஊர்காவற்றுறைக்குப் பண்ணைத் தாம்போதி வழியே பஸ்ஸில் போகலாம். அங்கும் சுத்திக்கொண்டுதான் நிற்கிறது. மேலும், கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கி.மீ. ஓடும். 400 கி.மீ. தொலைவிலுள்ள கொழும்புக்கே போய்த் திரும்ப 4 மில்லிசெக்கன் போதும். 100 மில்லிசெக்கனுக்குள் வரும் பதிலை மனிதர் உடன் வந்த பதிலாகவே கொள்வர் என ஐபிஎம்மைச் சேர்ந்த றொபேட் மில்லர் 1968இலேயே வரையறுத்துவிட்டார். நெடுந்தீவோ கொழும்பைவிடக் கிட்ட.

காற்றைப் பழிக்கும் புதியோர் கூற்றை அவ்வளவு இலேசாகத் தள்ள முடியாது. ஆய்வாளருக்கு இது மனவருத்தமே. வானலை கடலின் மேலாக வரும்போது ஒரு பங்கு நேரே வரும், இன்னொரு பங்கு நீரிலே பட்டுத் தெறித்து வரும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் வேளைகள் உண்டு. நீர்மட்டமும் காற்றின் வெப்பமும் ஈரமும் மாற அதுவும் மாறும். அவ்வேளையில் பொதிகள் தொலையும். ரிசிபி நெறியில் ஒரு பொதி தொலைந்தால் அது மறுபடி வந்து சேருமட்டும் பின்வந்தவை அனைத்தும் வாசலிலேயே நிற்கும். இழப்பை இதைவிட நன்றாகத் தாங்கும் யுடிபி வழி 2012இல் றிமோட் டெஸ்க்ரொப்புக்கு வந்தது. தலைமை அலுவலகத்துப் பயர்வோல் அதை மறித்திருந்தால் பயனில்லை. பெரும்பாலும் மறித்தே இருக்கும்.

இங்கே நெடுந்தீவின் தொன்மையான தொலைத்தொடர்பு நிலையத்தை நோக்குதல் தகும். ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூடு என இன்றும் பயணிகளுக்குக் காட்டப்படும் கட்டடமே அது. புறா வழியே இணையப் பொதி அனுப்பும் நெறி 1990 ஏப்ரல் 1ஆந் திகதி பகிடியாக வெளியிடப்பட்டது. நோர்வேயின் பேர்கன் நகரத்தார் 2001இல் அதை மெய்யாகவே செய்து பார்த்தனர். 9 பொதிகள் போயின, 4க்குப் பதில் வந்தது. அவற்றுள் விரைந்ததற்கே 50 நிமிடத்துக்கு மேலானது. ஒல்லாந்தர் புறாவிலும் பொதி தொலைந்திருக்கும். ஆனால், பதில் வரவில்லை என்று அதே புறாவை யாராலும் இரண்டாந்தரம் பறக்கவிட்டிருக்க முடியாது. இந்தக் குறிப்பு பின்னே உதவும்.

மந்தம் என்றதும் தலைமை அலுவலகம் முதலில் செய்வது பெரிய பக்கேஜுக்கு மாறுவது. இதன் பிழையைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றே நிறுவலாம். 64 கிகாபைற் பென் டிறைவ் ஒன்றைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு ஒருவர் ‘குமுதினி’யில் ஏறி ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவில் இறங்குகிறார் எனக் கொள்க. செக்கனுக்கு 142 மெகாபிற்! பல கிளைகளின் இணைப்பு இந்தப் படகிடம் தோற்கும். எனினும் ‘அ’ என்று ஓரெழுத்தைத் தட்டி, அது திரையில் விழ அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும். அகலம் வேறு, தாமதம் வேறு. மற்ற ஊரவருக்கு இதைப் படம் கீறி விளக்கவேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்ட நெடுந்தீவாருக்குத் தேவையில்லை.

மெய்யான காரணங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. றூட்டரை முதலில் பிங் செய்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிசெக்கனில் வரவேண்டிய பதில் எண்பதில் வந்தால் கடல் குற்றமற்றது. தடித்த சுவருக்கு அப்பாலுள்ள வைபையே குற்றவாளி, ஒரு கேபிள் போதும். பகலுணவு நேரத்தில் மட்டும் மந்தமாயின் யாரோ கலியாண வீடியோ ஏற்றுகிறார் என்க. பிறின்ற் கொடுத்தவுடன் திரை உறையுமாயின், அச்சுப் பக்கம் பருத்த படமாகித் திரையோடு அதே வழியில் முண்டிக்கொண்டு வருகிறது.

மிகக் கொடியது பின்னணிப் படம். தலைமை அலுவலகக் கணினியில் பக்தியோடு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோபுரத்தை வைத்திருப்பர். நயினாதீவுக் கிளை இணையுந்தோறும் அந்தக் கோபுரம் முழு நிறத்தில், துண்டு துண்டாக, யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக்குக் கடல் கடந்து வருகிறது. அலுவலர் அது வந்து முடியுமட்டும் யன்னலால் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னணிப் படத்தையும் அசைவுகளையும் நிறுத்தி, நிறத்தை 16 பிற்றாகக் குறைப்பின் பாதி மந்தம் தீரும். அம்மன் கோபிக்கமாட்டா.

எஞ்சிய பாதி இரண்டாம் கிளிக். முதற் கிளிக் தொலைவதில்லை, வரிசையில் நிற்கிறது. அதைக் காணாத அலுவலர், புறாவிட்ட ஒல்லாந்தருக்கு இயலாத வகையில், மறுபடி அமத்துகிறார், பின்னும் அமத்துகிறார், பிறகு சற்றுக் கோபத்தோடு அமத்துகிறார். வழி திறந்ததும் எல்லாம் கட்டளைகளாகவே போய்ச் சேரும். இவ்வகையில் நிகழும் தொலைபேசி உரையாடல் எக்கிளையிலும் ஏறக்குறைய ஒன்றே:

“தம்பி, இது வேலை செய்யுதில்லை.”

“எத்தினை தரம் அமத்தினீங்கள் அக்கா?”

“ஒருக்காத்தான்.”

“இஞ்சை ஆறு பில் வந்து கிடக்கு.”

“அது காத்துக்கு வந்திருக்கும்.”