பெட்டிசத்தார்

கந்தோர் எட்டரைக்குத் திறக்கும். பெட்டிசத்தாரின் றலி சைக்கிள் எட்டேகாலுக்கே வேப்பமரத்தடியில் நிற்கும். இடையில் கிடைக்கும் கால் மணித்தியாலத்தை அவர் வீணாக்குவதில்லை. அறிவித்தல் பலகையில் எழுத்துப்பிழை தேடுவார். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடிப் பார்ப்பார். உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவராக உள்ளே வர, நீளக்கைச் சட்டையின் கையை மேலே இழுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். எட்டு முப்பத்தைந்துக்கு வந்தவருக்கு அந்தப் பார்வை மத்தியானம் வரைக்கும் முதுகில் ஊரும்.

பிரதேச செயலகம் ஒன்றில் கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தச் செயலகம் என்று கேட்காதீர்கள். யாழ் மாவட்டத்தில் 15 செயலகங்கள், அவற்றின் கீழ் 435 கிராம சேவகர் பிரிவுகள். எதை எடுத்தாலும் அங்கே ஒரு பெட்டிசத்தார் இருப்பார். இல்லையென்றால் அந்தப் பிரிவில் இன்னும் மீள்குடியேற்றம் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

வாயால் வைகிறவர்கள் வேறு சாதி. அவர்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்தவர் பிறப்பத்தாட்சிப் பிரதிக்கு வரிசையில் நின்று வியர்த்துக்கொண்டு, “லண்டனிலை எண்டா உது அஞ்சு நிமிச வேலை” என்பார். ‘அப்ப லண்டனிலையே பிறந்திருக்கலாமே ஐயா’ என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வோம். மேசையில் அடித்து “நான் ஆரெண்டு தெரியுமோ?” என்று கேட்பவரிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து முகநூலில் நேரலை போடும் பொடியன், பற்றரி இறங்கியதும் வீட்டுக்குப் போய்விடுவான். இவர்களெல்லாம் கோடை மழை. அடித்துப் பெய்யும், அரை மணித்தியாலத்தில் முற்றம் காய்ந்துவிடும். பெட்டிசத்தார் மழையல்ல, கறையான். சத்தமே வராது. கடதாசியில் வேலை செய்வார்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. “தம்பி, உம்மோடை எனக்கு ஒரு கோவமும் இல்லை. உம்மடை கொப்பரையும் எனக்குத் தெரியும், நல்ல மனிசன். ஏலாது எண்டு இப்ப சொன்னீர் பாரும், அதை மட்டும் ஒருக்கால் எழுத்திலை தாரும்.” முப்பது வருட சேவையில் நான் கேட்ட அத்தனை தூஷணத்தையும் ஒரு தட்டில் வைத்து, ‘எழுத்திலை தாரும்’ என்ற இந்த இரண்டு சொல்லை மற்றத் தட்டில் வைத்தால் இதுதான் தாழும்.

‘பெட்டிசம்’ எங்களுக்கு வந்துசேர்ந்த கதையே தனி. ‘கந்தோர்’ ஒல்லாந்தன் விட்டுப்போன சொல். ‘கச்சேரி’ இந்துஸ்தானியில் இருந்து வந்தது. ‘பெட்டிசமும்’ வெளியாள் தந்ததுதான். எங்கள் சொந்தச் சரக்காக நாங்கள் அதோடு சேர்த்தது ‘மொட்டை’ என்ற அடைமொழி ஒன்றைத்தான். கையொப்பமில்லாமல், இடக்கையால் எழுதி, பக்கத்து ஊர்த் தபாற்பெட்டியில் போடுகிற மொட்டைப் பெட்டிசம் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணமும் குழம்பியதில்லை, ஒரு வாத்தியாரும் இடமாற்றம் பெற்றதில்லை. ஆனால் எங்கள் பெட்டிசத்தாருக்கு மொட்டை என்றால் அருவருப்பு. “பேர் போடப் பயந்தவன் பேனையைத் தொடக்கூடாது” என்பார். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், பென்சன் இலக்கம் எல்லாம் போட்டு, கையொப்பத்தின் கீழே இரண்டு கோடும் இழுத்துத்தான் அனுப்புவார்.

இந்த மண்ணில் பெட்டிசம் விளைந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1816இல் அமெரிக்க மிசன்காரர் வந்து இறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிற்று. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் பெருகினார்கள், உத்தியோகம் அவ்வளவு வேகத்தில் பெருகவில்லை. கிடைத்தவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் கிளாக்கராகப் போனார்கள். கிடைக்காதவர்கள் ஊரிலிருந்து விண்ணப்பம் எழுதினார்கள், விண்ணப்பத்துக்குப் பதில் வராதபோது பெட்டிசம் எழுதினார்கள். 1829இல் வந்து, இடையில் கொஞ்சக் காலம் தவிர, 1867இல் கண்மூடும்வரை வடக்கைக் கட்டி ஆண்ட டைக் துரையை ராசா என்றே சொன்னார்கள். ராசா இருந்தால் ஆராய்ச்சி மணி வேண்டும்தானே. எங்கள் ஆட்கள் மணிக்குப் பதிலாகப் பேனையைப் பிடித்துக்கொண்டார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்த சனம், அந்தக் கோறணமேந்தின் கோழி சரியாக மேய்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் இருக்குமா?

பெட்டிசத்தாரும் கோழி மேய்த்தவர்தான். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் தலைமை லிகிதர். ஒருநாள் சாவகாசமாக இருந்தபோது தானே சொன்னார்: “என்ரை மேசைக்கு வந்த ஒருத்தனையும் நான் ஒரே தரத்திலை அனுப்பினதில்லை, தம்பி. ஒரு கடதாசி குறைஞ்சிருக்கும். குறையாட்டில் ஒண்டு கூடியிருக்கும்.” பெருமையோடுதான் சொன்னார். வீட்டுத் திண்ணையில் அவருக்குத் தினசரி இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, கனடாவிலிருந்து வீடியோவில் கதைக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கோவை மட்டும் இல்லை. அதற்காகத்தான் எங்களிடம் வருகிறார் என்று நான் நினைக்கிறேன்.

பெட்டிசத்தின் வடிவம் மாறாது. புல்ஸ்காப் தாள் நாலு பக்கம். இடப்பக்கம் ஓரம் மடித்திருக்கும். ஆங்கிலம்தான், ஆனால் நாங்கள் தப்பித்துவிடக்கூடாது என்பதற்காகத் தமிழ் மொழிபெயர்ப்பும் இணைத்திருக்கும். மூன்றே முக்கால் பக்கத்துக்கு எங்கள் தோலை உரித்துவிட்டு, கடைசியில் ‘யுவர் ஒபீடியன்ற் சேவன்ற்’ என்று முடிப்பார். அதற்கும் கீழேதான் பெட்டிசத்தின் உயிர் இருக்கிறது: பிரதிகள். அரசாங்க அதிபர், ஆளுநர், அமைச்சின் செயலாளர், மனித உரிமைகள் ஆணைக்குழு, ஒம்புட்ஸ்மன், சனாதிபதி செயலகம்.

வெளியில் இருப்பவர்களுக்கு விளங்காத ஒரு சூட்சுமம் இதில் உண்டு. சனாதிபதிக்குப் போன பிரதியைச் சனாதிபதி வாசித்துக்கொண்டு இருக்கமாட்டார். அது அமைச்சுக்கு இறங்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கு இறங்கும், சிவப்பு மையில் ‘உடன் அறிக்கை தருக’ என்று ஒரு குறிப்பு வாங்கும், பிறகு எங்கள் செயலாளரின் மேசைக்கு வந்து, கடைசியில் அந்த விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைத் தேடும். அந்த உத்தியோகத்தர் நான். எந்தக் கரையில் பொரித்ததோ அந்தக் கரைக்கே திரும்பி வரும் ஆமை மாதிரி, ஆறு பிரதியும் ஆறு திகதியில் என் மேசைக்கே வந்து சேரும். என்னைப் பற்றிய முறைப்பாட்டுக்கு நானே ஆறு அறிக்கை வரைவேன். ஆறும் ஒன்றுக்கொன்று முரண்படக்கூடாது. முரண்பட்டால் ஏழாவது பெட்டிசம்.

ஒருமுறை கொழும்பிலிருந்து அவருக்கு நேரடியாகப் பதில் வந்தது, தனிச் சிங்களத்தில். அவர் கொழும்பில் சீவித்தவர், சிங்களப் பேப்பர் தடக்காமல் வாசிப்பார். அப்படியிருந்தும் கவரோடு திருப்பி அனுப்பினார்: ‘1987இன் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. கடிதம் எனக்கு விளங்கவில்லை.’ மூன்று மாதத்தில் தமிழில் வந்தது. அதில் பதினொரு எழுத்துப்பிழை. திருத்தித் திரும்பவும் அனுப்பினார். அந்த விடயத்தில் கந்தோரே அவர் பக்கம்தான், வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது நாடு மகிழ்ந்தது. நாங்கள் பெட்டிசத்தாரை நினைத்துக்கொண்டோம். நினைத்தது பிழைக்கவில்லை. எங்கள் மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் நெடுங்காலமாகப் பத்து இருபதில் நின்றது. அவர் கேட்ட தகவல்கள்: கடிகாரம் வாங்கப்பட்ட ஆண்டு, விலை, பற்றரி மாற்றிய திகதிகள், நின்றுபோன திகதி, அதற்குப் பொறுப்பானவரின் பதவி. 14 வேலை நாளுக்குள் பதில் கொடுக்கவேண்டும். மூன்று பேர் பொருட்பதிவேட்டைப் புரட்டினோம். பற்றரி மாற்றுவது ஒரு நிமிட வேலை, அது ஏன் மாற்றப்படவில்லை என்று எழுத எங்களுக்கு ஒன்பது நாள் சென்றது. கடிகாரம் ஓடத் தொடங்கியதைக் கேள்விப்பட்டு வந்தார். சட்டைக் கையை மேலே இழுத்தார். “மூண்டு நிமிசம் பிந்தி ஓடுது, தம்பி.”

இவ்வளவும் வாசித்துவிட்டு அவரை ஒரு தொல்லை என்று நினைத்தால் பாதிதான் சரி. மற்றப் பாதியை நான் வேலையில் இருந்த காலத்தில் எவருக்கும் சொல்லவில்லை.

ஒரு அம்மா வருவார். வலிகாமம் வடக்கு. 1990 யூனில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, முகாமிலும் உறவினர் வீடுகளிலும் காலம் போக்கியவர். இராணுவத்திடமிருந்து காணி துண்டு துண்டாக விடுபடத் தொடங்கியபோது உறுதி இல்லை, பிறப்பத்தாட்சி இல்லை, கணவரின் இறப்புப் பதிவும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு சொப்பிங் பையில் நாலைந்து மங்கிய பிரதிகள். ஒவ்வொரு முறையும் நான் ஒரு கடதாசி குறைகிறது என்பேன். அவர் “சரி தம்பி, போட்டு வாறன்” என்பார். கோபமில்லை, கண்ணீருமில்லை. கவுண்டருக்குப் பின்னால் இருப்பவனுக்கு அந்த ‘சரி தம்பி’ மாதிரி வசதியான சொல் வேறில்லை. எல்லாக் கடதாசியும் கையில் இருப்பவர்தான் எங்களோடு சண்டை பிடிப்பார், எல்லாவற்றையும் இழந்தவர் வாய் திறக்கமாட்டார்.

நாலாம் தரம் அவர் ‘சரி தம்பி’ என்று திரும்பியபோது வரிசையில் பின்னால் நின்ற பெட்டிசத்தார், “நில்லுங்கோ பிள்ளை” என்றார். அந்தப் பையை வாங்கி, வாங்கிலே பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். “இவ்வளவும் வேணும் எண்டு முதல் நாளே ஒரு துண்டிலை எழுதிக் குடுத்திருந்தால் ஒரு தரத்திலை முடிஞ்சிருக்கும். நீர் ஒவ்வொண்டாச் சொன்னீர். நானும் உப்பிடித்தான் செய்தனான். அதாலைதான் எனக்குத் தெரியும்.” அன்று அவர் எழுதிய பெட்டிசம் ஒரே பக்கம். பிரதி ஒன்றுமில்லை. அடுத்த மாதம் கவுண்டரில் தேவையான ஆவணங்களின் பட்டியல் ஒட்டினோம். மண்டபத்தில் இன்னும் இரண்டு வாங்கு வந்தது. ஆண்டறிக்கையில் அதை எங்கள் புத்தாக்க முயற்சி என்று நானே எழுதினேன்.

இனி உயிர்ச் சான்று. பென்சன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடத் தொடக்கத்தில் கிராம சேவகர் உறுதிப்படுத்திய படிவம் எங்களுக்கு வரவேண்டும். 1963இல் விதானை முறையை எடுத்துக் கிராம சேவகரை வைத்தார்கள், ஆனாலும் யாழ்ப்பாணத்தில் அவர் இன்றைக்கும் விதானையார்தான். ஒரு வருடம் பெட்டிசத்தார் நீட்டிய படிவத்தில் விதானையாரின் முத்திரை இல்லை. சொன்னேன்.

“தம்பி, நான் உமக்கு முன்னாலை நிக்கிறன்.”

“நிக்கிறியள் ஐயா. கடதாசியிலை இன்னும் வரேல்லை.”

என்னை ஒருகணம் உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு மரியாதை தெரிந்தது. “சரியான பதில்” என்றார். முத்திரை வாங்கி வந்தார். அடுத்த கிழமை அந்தப் பதிலைப் பற்றியும் பெட்டிசம் வந்தது, ஆறு பிரதியோடு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் தை போனது, மாசி போனது, அவரின் படிவம் வரவில்லை. அதைவிட, பெட்டிசமே வரவில்லை. வேப்பமரத்தடி வெறுமையாக இருந்தது. தபால் பிரிவுப் பிள்ளை தினமும், “ஐயாவிட்டை இருந்து ஒண்டும் இல்லை” என்று தானாகவே வந்து சொல்லும். எட்டு நாற்பதுக்கு வருகிறவர்கள்கூட மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அலுவலக உதவியாளரை மோட்டார் சைக்கிளில் அனுப்பினேன்.

இருந்தார். கண்ணில் கற்றறாக்ட் எடுத்து, பச்சைத் துணி கட்டி, சாய்மனைக் கதிரையில். வந்தவருக்குப் பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொடுத்து, என்ன விசயம் என்று விசாரித்திருக்கிறார். இவர் வெள்ளை மனசோடு, “நீங்கள் இருக்கிறியளோ எண்டு பாத்துவரச் சொன்னவை” என்று சொல்லிவிட்டார்.

நாலாம் நாள் பதிவுத் தபால். எழுத்துப் பேர்த்தியுடையது, வசனம் அவருடையது. பொருள்: ‘அலுவலக நேரத்தில், அரச எரிபொருளில், எனது மரணத்தை எதிர்பார்த்து உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பியமை’. கந்தோரில் அதை உரத்து வாசித்தோம். தபால் பிரிவுப் பிள்ளை கைதட்டியது. திகதியும் கையொப்பமும் சரியாக இருந்தபடியால், படிவம் வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று அதை உயிர்ச் சான்றாக அவரின் பென்சன் கோவையில் போட்டு வைத்தேன்.

அது பிழை. இரண்டு மாதத்தில் கணக்காய்வு ஐயவினா வந்தது: ‘முறைப்பாட்டுக் கடிதமொன்று உயிர்ச் சான்றாக ஏற்கப்பட்டமைக்கான சுற்றறிக்கை எது?’ முறையிட்டவர் பெயரும் விலாசமும் பென்சன் இலக்கமும் முழுதாக இருந்தன. கையொப்பத்தின் கீழே இரண்டு கோடும் இருந்தது.