முதலில் தேர்வெழுதுவது காது

கே: ஊத் வாத்தியம் கற்றுக்கொண்டிருக்கிறேன். அரபு இசைக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன். எங்கே தொடங்குவது? (வாசகர், அபுதாபி)

ப: அந்தக் கல்லூரி தரும் தேர்வுப் பட்டியலில். கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். பொதுவாக எதிர்பார்க்க வேண்டியவை: பாடம் செய்த ஓர் உருப்படி, மனோதர்மமாக ஒரு தக்ஸீம், தாளம் தட்டிக் காட்டுவது, தேர்வாளர் பாடுவதைக் கேட்டுத் திருப்பிப் பாடுவது, எழுதிய சுரத்தைப் பார்த்து வாசிப்பது. விரலைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். பயிற்சி நேரத்தையும் அதற்கேற்பப் பிரியுங்கள். உங்கள் ஊரிலேயே ஈராக்கிய மேதை நசீர் ஷம்மாவின் வழிகாட்டலில் 2008இல் தொடங்கிய பைத் அல் ஊத் பள்ளி இருக்கிறது. கச்சேரி நடந்தால் தவறவிடாதீர்கள்.

கே: வீட்டில் கீபோர்டு இருக்கிறது. அரபு ராகங்களான மகாம்களை அதில் பழகலாமா? (வாசகி, சென்னை)

ப: நஹாவந்த், அஜம், குர்து, ஹிஜாஸ் பழகலாம். ரஸ்த், பயாத்தி, சிகா வராது. ரஸ்தின் மூன்றாம் சுரம் நமது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் நிற்கிறது; அங்கே கட்டை இல்லை. கால் சுரம் மாற்றும் வசதியுள்ள கீபோர்டுகள் உண்டு. ஆனால் அதே சுரம் ரஸ்தில் சற்று ஏறியும் பயாத்தியில் சற்று இறங்கியும் ஒலிக்கும். 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில், பேலா பார்தோக் போன்ற ஐரோப்பிய இசைஞர்களும் இருந்த அவையில், பியானோவை அரபு இசைக்குள் விடலாமா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. ரஸ்தின் மூன்றாம் சுரத்தைக் குரலில் பிடியுங்கள். ஊத்தில் மெட்டுக்கட்டை கிடையாது. விரலுக்கு வழிகாட்டக் காதை விட்டால் ஆளில்லை.

கே: ஹிஜாஸ்காரும் மாயாமாளவகௌளையும் ஒன்றுதானே? கர்நாடக சங்கீதம் படித்த எனக்குப் பாதி வேலை முடிந்ததா? (வாசகி, நாகப்பட்டினம்)

ப: ஏறுவரிசை ஒன்று, நடக்கும் பாதை வேறு. எந்தச் சுரத்தில் தங்குவது, எப்போது மேலே ஏறுவது, எப்படி முடிப்பது என்று ஒவ்வொரு மகாமுக்கும் ஒரு நடை உண்டு. அதற்கு சயிர் என்று பெயர். நமக்கு ஒரு ராக ஆலாபனையில் வேறு ராகம் எட்டிப்பார்த்தால் பிழை. தக்ஸீமிலோ இன்னொரு மகாமுக்குப் போய்வருவதையே ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள். உங்கள் காது பழகிய காது. அது பெரிய சொத்து. கமகத்தை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போங்கள்.

கே: லோங்கா என்ற வேகமான உருப்படியை வாசித்தால் தேர்வாளர்கள் அசந்துவிட மாட்டார்களா? (வாசகர், கொழும்பு)

ப: வேகம் ஒன்றைத்தான் காட்டும். சமாயி என்ற உருப்படி நாலையும் காட்டும்: மகாம், தாளம், நிதானம், நினைவாற்றல். இப்ராஹீம் அல்அர்யான் இயற்றிய பயாத்தி சமாயி நல்ல தேர்வு. கானா என்ற பகுதிகள் நாலு, ஒவ்வொன்றின் முடிவிலும் தஸ்லீம் என்ற பல்லவி. நாலாவது கானாவில் பெரும்பாலும் தாளம் மாறும். தடுமாறுபவர்கள் தடுமாறுவது அங்கேதான். பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.

கே: பத்தெண்ணிக்கைத் தாளம் கைக்குள் வரவில்லை! (வாசகர், மதுரை)

ப: கைக்கு முன்னால் வாய்க்குள் வரட்டும். சமாயி தகீல்: தும், இஸ், இஸ், தக், இஸ், தும், தும், தக், இஸ், இஸ். 'இஸ்' என்றால் ஓசையில்லாத எண்ணிக்கை. அந்த ஐந்து மௌனங்களையும் ஒழுங்காக விட்டால் தாளம் நிற்கும். சொற்கட்டுச் சொல்லி வளர்ந்த ஊர்க்காரருக்கு இது வராமல் போகாது.

கே: தக்ஸீமை எழுதி மனப்பாடம் செய்யலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

ப: வேண்டாம். 'வேறு மகாமில் வாசியுங்கள்' என்று ஒரு சொல் வந்தால் மனப்பாடம் கைவிட்டுவிடும். வழியை மட்டும் முடிவு செய்யுங்கள். ரஸ்த் என்றால் அடி சுரத்தைச் சுற்றிக் கீழ்ப்பாதியை நிலைநாட்டுங்கள். கஃப்லா என்னும் முத்தாய்ப்பு வையுங்கள். பிறகு ஐந்தாம் சுரத்துக்கு ஏறுங்கள். அங்கே மேல்பாதியை ஹிஜாஸாக மாற்றினால் சூஸ்னாக் மகாம் பிறக்கும். திரும்பி வந்து ரஸ்திலேயே முடியுங்கள். ஒரு பயணம், ஒரு திரும்புதல். இரண்டு மூன்று நிமிடத்துக்கு அது தாராளம்.

கே: பாட்டுக்கு விண்ணப்பிக்கிறேன். அரபு பேசத் தெரியாது. (வாசகி, கீழக்கரை)

ப: பாடும் வரிகளின் பொருளும் உச்சரிப்பும் தெரிந்தே ஆக வேண்டும். பாடகி உம் குல்தூம் சிறுவயதில் குர்ஆன் ஓதப் பழகியவர். ஒவ்வோர் எழுத்தும் துலங்கும் அவர் பாட்டுக்கு அந்தப் பயிற்சியே அடித்தளம். முவஷ்ஷஹ் என்ற பாடல் வகையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, மெட்டில்லாமல் முதலில் வாசித்துக் காட்டி ஓர் அரபு ஆசிரியரிடம் திருத்தம் வாங்குங்கள்.

கே: நாள் குறைவு. ஒரே ஒரு பழக்கம் சொல்லுங்கள். (வாசகர், கோவை)

ப: முனீர் பஷீரோ ரியாத் அல்சுன்பாத்தியோ ஊத்தில் வாசித்த ஒரு தக்ஸீமை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் அரை நிமிடம் மட்டும் கேளுங்கள், பாடுங்கள், பாட வந்த பிறகே வாத்தியத்தைத் தொடுங்கள். எத்தனை மகாம் தெரியும் என்று தேர்வாளர் கேட்டால் நாலு என்று தைரியமாகச் சொல்லலாம், அந்த நாலையும் வாத்தியமில்லாமல் பாடிக்காட்ட முடியுமென்றால்.