மூன்று வருடத்துக்கு ஒரு தரை

கேள்வி: நியூயார்க்கின் சவாய் பால்ரூமை மூடி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஏன் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்? ஒரு நடனக்கூடம்தானே?
(கோவை வாசகர்)

பதில்: நடனக்கூடம்தான். ஆனால் 1926 மார்ச்சில் ஹார்லெம் பகுதியில் அது திறந்தபோது, கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடக்கூடிய இடம் அமெரிக்காவில் அபூர்வம். அதே ஹார்லெமில் காட்டன் கிளப் என்று ஒன்று இருந்தது. அங்கே மேடையில் ஆடியவர்கள் கறுப்பர், மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் வெள்ளையர். சவாயிலோ காசு கொடுத்த எவரும் உள்ளே போகலாம். போனபின் நிறத்தை யாரும் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள்.

கேள்வி: ஆடி ஆடியே தரை தேய்ந்துபோகும் என்கிறார்களே, நம்பலாமா?
(திருச்சி வாசகி)

பதில்: தாராளமாக. சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பலகையை மாற்றினார்களாம். லெனாக்ஸ் அவென்யூவில் 140-வது தெரு முதல் 141 வரை நீண்ட கட்டடம் அது. இசைக்கு இரண்டு மேடைகள். ஒரு குழு ஓய்ந்ததும் அடுத்த குழு தொடங்கிவிடும். இசை நிற்காத இடத்தில் கால் எப்படி நிற்கும்?

கேள்வி: என் மகள் பரதம் கற்கிறாள். சவாயில் பிறந்த 'லிண்டி ஹாப்' ஆட்டத்துக்குக் குரு யார் என்று கேட்கிறாள்.
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: நல்ல கேள்வி, அவளுக்கு என் அன்பு. பக்கத்தில் ஆடுகிறவர்தான் குரு. கூடத்தின் ஒரு மூலைக்கு 'கேட்ஸ் கார்னர்' என்று பெயர். அது கைதேர்ந்தவர்களின் இடம். சின்னப் பிள்ளைகள் தள்ளி நின்று பார்ப்பார்கள், வீட்டுக்குப் போய்ப் பழகுவார்கள், ஒருநாள் துணிந்து அந்த மூலைக்குள் நுழைவார்கள். பிராங்கி மேனிங் அப்படி வளர்ந்தவர். 1935 வாக்கில், கூட ஆடிய பெண்ணை முதுகோடு முதுகாகத் தூக்கித் தன் தலைக்குமேல் புரட்டி முன்னால் இறக்கினார். அதுவரை தரையிலேயே இருந்த ஆட்டம் அன்று காற்றில் ஏறியது. 1941-ல் வந்த 'ஹெல்சபாப்பின்' படத்தில் மேனிங் ஆடிய குழுவின் ஆட்டம் பதிவாகியிருக்கிறது. மகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: 1937-ல் சிக் வெப், பென்னி குட்மன் இருவரின் ஜாஸ் இசைக்குழுக்களும் அங்கே மோதினவாமே. வென்றது யார்?
(சேலம் வாசகர்)

பதில்: சொந்த மண்ணின் சிக் வெப்.

கேள்வி: இவ்வளவு சிறப்பான இடம் படுத்தது எப்படி? இளைஞர்களின் ரசனை மாறிவிட்டது, அவ்வளவுதானே?
(மதுரை வாசகர்)

பதில்: எந்தக் கலைக்கூடம் மூடினாலும் பழி இளைஞர் தலையில்தான் விழுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நடந்ததைப் பாருங்கள். 1943 ஏப்ரலில் அரசு சவாயை மூடியது. அங்கே போன சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் தொற்றுகிறது என்று காரணம் சொன்னார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கைகோத்து ஆடுவதுதான் கண்ணை உறுத்தியது என்று ஹார்லெம் மக்கள் நம்பினார்கள். நானும் அப்படியே நம்புகிறேன். அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். மறு வருடமே அமெரிக்கா முழுவதும் கேளிக்கை விடுதிகளுக்கு 30 சதவீத வரி வந்தது. விரைவில் 20 ஆகக் குறைந்தது, ஆனால் வருடக்கணக்கில் நீடித்தது. வாடிக்கையாளர் ஆடினால் வரி, பாடகர் பாடினால் வரி. வாத்தியம் மட்டும் வாசித்தால் வரி இல்லை! பல விடுதிகள் ஆடுதளத்தில் மேசை போட்டன. பதினைந்து பேர் கொண்ட இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுப்பது கஷ்டமாயிற்று. ஐந்து பேர் வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கும் ஜாஸ் வளர்ந்தது. அதுவும் அருமையான இசை. ஆனால் அதற்கு ஆடுவது சுலபமில்லை. ராக் அண்ட் ரோல் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது.

1958-ல் சவாய் மூடியது. குடியிருப்புத் திட்டத்துக்காகக் கட்டடத்தை இடித்தார்கள்.

கேள்வி: மக்களுக்கு வீடு வேண்டாமா? ஆட்டம் பாட்டத்தைவிடக் கூரை முக்கியமில்லையா?
(நெல்லை வாசகர்)

பதில்: வீடு வேண்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தை இடித்தால் அதற்கு மாற்றிடம் எங்கே என்று ஊரே கேட்கும். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் கழுவிவிட்டு, வியாழக்கிழமை ஒரு ராத்திரி தலைநிமிர்ந்து ஆடிய பெண்களின் இடத்துக்கும் மாற்றிடம் கேட்க ஆள் வேண்டும் என்பதுதான் என் வழக்கு. ஆம், ஹார்லெமின் வீட்டுவேலைப் பெண்களுக்கு வியாழன்தான் விடுமுறை. சவாயில் அன்று அவர்கள் ராத்திரி.

கேள்வி: ஆடியவர்கள் என்ன ஆனார்கள்?
(புதுச்சேரி வாசகி)

பதில்: மேனிங் தபால் துறையில் சேர்ந்து முப்பது வருடம் வேலை பார்த்தார். அவர் யார் என்றே உலகம் மறந்துவிட்டது. 1980-களில் ஸ்வீடனிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் சில இளைஞர்கள், பழைய படங்களில் பார்த்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள நியூயார்க் வந்தார்கள். எழுபதைத் தாண்டிய தாத்தா மறுபடி ஆடத் தொடங்கினார். 2009-ல், 95-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்பு இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். ஸ்வீடனில் ஹெராங் என்ற சிற்றூரில் ஒவ்வொரு கோடையிலும் பல நாட்டு மக்கள் கூடி அந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். மதுரை நண்பர் கவனிக்கவும்: தேடி வந்தவர்கள் இளைஞர்கள்!

கேள்வி: நியூயார்க் போகிறேன். சவாய் இருந்த இடத்தில் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
(சென்னை வாசகர்)

பதில்: லெனாக்ஸ் அவென்யூவில் ஒரு நினைவுப் பலகை. மேனிங்கும் அவரோடு ஆடிய நார்மா மில்லரும் சேர்ந்து திறந்துவைத்தது. அன்று 2002 மே 26, மேனிங்குக்கு 88 வயது நிறைந்த நாள்.