கறுப்பு உறைக்குள் ஒரு கொள்கை

குடும்பக் கட்டுப்பாட்டை 1952இலேயே அரசுத் திட்டமாக ஏற்று உலகுக்கு வழிகாட்டிய இந்தியாவில், ஆணுறைப் பெட்டி இன்றும் செய்தித்தாளிலோ கறுப்பு உறையிலோ பொதியப்பட்டே கைமாறுகிறது. கடையில் நிற்கும் அனைவரும் அந்த உறைக்குள் இருப்பது இன்னதென அறிவதற்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ள வேண்டியதும், கருமுட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்துவதுமான அவசரக் கருத்தடை மாத்திரை, 2005 முதல் மருத்துவர் சீட்டின்றி விற்கத்தக்கதாயிற்று. எனினும், கருத்தடை பெண்ணின் விடுதலைக்கே தேவை என்று பெரியார் வாதிட்ட தமிழ்நாட்டின் மருந்துக்கடைகள் பலவற்றில் அதைக் கேட்போருக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்து வந்தது 'இல்லை' என்னும் விடையும், இலவச இணைப்பாக ஒரு பார்வையும்தான்.

கருத்தடை அறுவை என்னும் சங்கடத்துக்கோ ஆண்கள் ஆளாவதே அரிது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அதைச் செய்துகொண்டவர்களோ 0.3 விழுக்காட்டினர். விந்துக்குழாயை அடைக்கும் ஆண் கருத்தடை, வயிற்றைத் திறக்கத் தேவையற்ற, சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பத்தக்க சிகிச்சை. ஆயினும் 'அவர் உழைக்க வேண்டியவர்' என்ற காரணத்தால் கணவருக்கு விலக்களிக்கப்படுகிறது. சமையல், களையெடுப்பு, பிள்ளை வளர்ப்பு ஆகியவை உழைப்பாக இன்னும் அறிவிக்கப்படவில்லை போலும்.