அரை சைஸ் வயலின்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு பையன் பிடில் கற்றுக்கொள்ளப் பிடில் தேவைப்படவில்லை. கடைத்தெருவுக்குப் போய் வாத்தியாருக்குப் பிடித்த வெற்றிலையைப் பார்த்து வாங்கி வரத் தெரிய வேண்டும். மாவு மிஷினில் வரிசையை விடாமல் நிற்கத் தெரிய வேண்டும். இரண்டிலும் தேறியவனுக்குச் சுருதிப் பெட்டி முன்னால் உட்கார இடம் கிடைக்கும். அங்கே முதல் வருஷம் முழுக்க வாய்ப்பாட்டு. குரலில் நிற்காத ஸ்வரம் விரலில் மட்டும் எப்படி நிற்கும் என்பது வாத்தியாரின் சித்தாந்தம். பிடில் பச்சைத் துணிப் பைக்குள் ஆணியில் தொங்கும். அதைப் பார்த்தபடியே மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடிக்கொண்டிருப்போம்.

இப்போது வயலின்தான் முதலில் வருகிறது. மொபைலில் ஆர்டர் போட்டால் பெட்டி, வில், ரோசின், உபரித் தந்தி என்று சீர்வரிசை மாதிரி வீட்டு வாசலில் இறங்கிவிடுகிறது. பிள்ளைக்கு ஆசை வருவது அதற்கப்புறம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் அப்பா, "எத்தனை மாசத்துல சினிமா பாட்டு வாசிக்கும் சார்?" என்று கேட்கிறார். அம்மாவுக்குச் சர்டிபிகேட் கவலை. அன்று வாத்தியார் வீட்டில் இருக்கிறாரா என்று நாங்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்போம். இன்று பிள்ளைகள் வருவார்களா என்று, நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் வயலின் மாஸ்டர் வாட்ஸப்பில் எட்டிப் பார்க்கிறார்.

அந்தக் காலத்துத் திண்ணையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஊதுவத்தி வாசனையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். திண்ணையில் ஏறுமுன் ஒரு கேள்வி இருந்தது: "அப்பா என்ன பண்றார்?" உத்தியோகத்தை விசாரிப்பது போலத்தான் இருக்கும். என் அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அதைச் சொன்னதும் எந்தத் தெரு, எந்த ஊர்ப் பூர்வீகம், குலதெய்வம் எது என்று விசாரணை நீண்டு, கடைசியில்தான் நான் திண்ணைக்குத் தகுதியானேன். பூ கட்டுகிற வீட்டுப் பிள்ளை யாரும் அந்த முதல் கேள்விவரைகூட வந்ததில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் நோட்டிலும் இதே கேள்வி இருக்கிறது. ஆட்டோ, இட்லிக் கடை, கிரிவலப் பாதையில் ருத்ராட்ச மாலைக் கடை, தேங்காய் மண்டி என்று பதில்கள் நிரம்பியிருக்கின்றன. அவசரத்துக்கு யாரை எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும், அதற்காகக் கேட்பது.

வகுப்பு தொடங்கியதற்குப் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை. 1989-ல் ஊர் மாவட்டத் தலைநகரான பிறகு இங்கே வந்த நல்ல காரியங்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளியும் ஒன்று. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம். மூன்று வருஷப் படிப்பு, பெயருக்கு ஒரு கட்டணம். ஆனால் சேர 12 வயதாக வேண்டும். வயலினுக்கு ஏழாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும். ஏழு வயதில் ஆசைப்படும் பிள்ளை அதுவரை என்ன செய்யும்? டியூஷனுக்குப் போகும். 12 வயதில் அதைத் தேடினால் நீட் பேட்ச்சில்தான் கண்டுபிடிக்க முடியும். நடுவில் இருக்கும் அந்த வருஷங்களைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளலாமே என்று பார்த்தோம்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் உண்டு. 1975-ல் கராகஸ் நகரத்தில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 11 பேரை ஒரு கார் ஷெட்டில் உட்கார வைத்துத் தொடங்கியது வெனிசுவேலா முழுக்கப் பரவியது. 1993-ல் காலிம்பாங்கில் எட்வர்ட் மெக்வயர் என்ற ஏசுசபைப் பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, எல்லார் கையிலும் வயலினைக் கொடுத்தார். எங்களுக்கு வாய்த்தது கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முதலாளி வாடகை கேட்கவில்லை. நிபந்தனை ஒன்றுதான்: முகூர்த்தம் இருந்தால் வகுப்பு இல்லை. அதனால் ஊரே சுபகாரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் ஆடியும் மார்கழியும்தான் எங்களுக்குச் சங்கீத சீசன். தை பிறந்தால் மற்றவர்களுக்கு வழி பிறக்கும். எங்களுக்கு வழி அடையும். கார்த்திகை தீபத்துக்கு அன்னதானக் குழுக்கள் வந்து இறங்கிவிடும். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தாலோ கேட்கவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், ஒலிபெருக்கி, போலீஸ் தடுப்பு. நான் கற்ற நாளில் பௌர்ணமி என்றால் கொஞ்சம் சாதுக்களும் ஊர்க்காரர்களும் நடப்பார்கள். வாத்தியார் லீவு விட அது காரணமாகாது.

மாஸ்டருக்குத் துணையாக ரமண நகரில் வாடகைக்கு இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வருகிறார். தம் நாட்டில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். மௌனத்தைத் தேடி இந்த ஊருக்கு வந்தவர். ஒரு கூடம் நிறையக் குழந்தைகள் ஒரே சமயத்தில் ஜண்டை வரிசை இழுக்கும் இடத்தில் ஞாயிறுதோறும் உட்காருகிறார். அவரவர் பிராப்தம்.

இருவருக்கும் முதல் நாளே சண்டை. பாட்டிக்குப் பிள்ளைகள் நின்றுகொண்டு, வயலினைத் தோளில் வைத்து, தாடையால் பிடிக்க வேண்டும். மாஸ்டருக்குச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலை வலது கணுக்காலில் ஊன்ற வேண்டும். எங்கள் காலத்தில் அரை சைஸ், கால் சைஸ் எல்லாம் யார் கண்டது? எட்டு வயதுக்கும் பெரியவர் வாத்தியம்தான். பாரத்தைக் கால் தாங்கியதால் சமாளித்தோம். நிற்க வைத்திருந்தால் பிடிலோடு நாங்களும் விழுந்திருப்போம். சுருதியிலும் தகராறு. நாலு தந்தியையும் ஐந்தைந்து ஸ்வர இடைவெளியில் கூட்டச் சொன்னார் பாட்டி. மாஸ்டர் ச-ப-ச-ப என்று கூட்டினார், அதுவும் பிள்ளையின் குரலுக்குத் தக்கபடி. ஆப் காட்டும் பச்சை விளக்கை அவர் மதிப்பதே இல்லை.

சமாதானம் செய்து வைத்தவர் முத்துசுவாமி தீட்சிதர். இந்த மலையின் அக்னி லிங்கத்தைச் சாரங்க ராகத்தில் பாடியவர். அவருடைய தம்பி பாலுசுவாமி, மணலி முதலியாரின் ஆதரவில் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் பிடில் கற்றார். நம் கச்சேரி மேடைக்குப் பிடில் வந்த வழிகளில் முக்கியமானது இது. அண்ணனோ ஆங்கிலேயர் கோட்டையின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட வெள்ளைக்கார மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். அவைதான் நோட்டு ஸ்வரங்கள். கமகம் இல்லை, பெரும்பாலும் நேர் சங்கராபரணம், குழந்தை விரலுக்கு ஏற்றவை. அவற்றில் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. மாஸ்டர் வாசிக்க ஆரம்பித்ததும் பாட்டி சிரித்துவிட்டார். இப்போது முதல் பாதி உட்கார்ந்து, அடுத்த பாதி நின்று. தந்திகள் மட்டும் ச-ப-ச-ப. பாட்டி இந்த வயதில் விரல் இடங்களைப் புதிதாகப் பழகுகிறார்.

வாத்தியங்கள் மலிவு என்பதால் தந்தியை முறுக்கும் பிருடை நிற்காது. கூட்டிவிட்டுக் கையை எடுத்தால் 'சர்'ரென்று இறங்கும். சித்திரை வெயிலில் ஒட்டுப் பசையே வாய் பிளக்கும். அக்னி ஸ்தலம் அல்லவா. பிருடையைக் கழற்றிச் சாக்பீஸ் தடவினால் பிடிக்கும் என்றார் பாட்டி. கூடத்தில் சாக்பீஸ் இல்லை. ஓர் ஆட்டோக்கார அப்பா சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, மரத்தின் மேல் விரலால் ஒரு சுற்றுத் தேய்த்து, உள்ளே அழுத்தித் திருகினார். நின்றது. அன்று முதல் டூல் பாக்ஸில் ஸ்பேனரோடு அதுவும் இருக்கிறது. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்?

போன வாரம் மண்டப முதலாளி வந்து சுவரோரமாகக் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "ஆவணியில நம்ம வீட்டுக் கல்யாணம். பசங்கள ரிசப்ஷன்ல வாசிக்க வெச்சுடுங்க சார்" என்றார்.

"அவங்களுக்கு மூணு பாட்டுதாங்க தெரியும்" என்றேன்.

"பரவால்ல சார். பந்தியும் மூணுதான்."