கரைக்கு ஒரு கை

கேள்வி: காஞ்சிபுரம் மாநகராட்சியாகிவிட்டதே, இன்னும் ஏன் கட்டடம் கட்டவும் புதுப்பிக்கவும் கோட்டையிடம் கையேந்துகிறது?

பதில்: 2021-ல் பெயர்ப்பலகை மாறியது, கல்லாப்பெட்டி பெரிதாகவில்லை. மாநகராட்சியின் சொந்த வருமானத்துக்கு முதுகெலும்பு சொத்துவரி. காஞ்சியின் மிகப் பெரிய கட்டடங்களோ ஏகாம்பரநாதர், வரதராஜர் கோயில்கள். வழிபாட்டிடங்களுக்கு வரிவிலக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அங்கே வரும் கூட்டத்துக்குக் கழிப்பிடமும் குடிநீரும் நிழலும் மாநகராட்சி தர வேண்டுமே! வரதரைப் பார்க்கப் பேருந்தில் வந்திறங்கும் பாட்டி, ஒரு கையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் சுவரைத் தடவியபடி கழிப்பிடப் படி ஏறுகிறார். அங்கே ஒரு கைப்பிடி வைத்தால், அவருக்கு அதுதான் நகர வளர்ச்சி.

அதற்கு அரசிடம் கேட்பது கையேந்தல் அல்ல, கோர்வை. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் கோக்கத் தறியில் இன்னொரு கை வேண்டும். ஊரின் உடலை நகரம் நெய்கிறது, கரைக்கு அரசு கை கொடுக்கிறது.

முன்னுதாரணமும் இருக்கிறது. 2015-ல் மத்திய அரசின் ‘ஹிருதய்’ திட்டம் தேர்ந்தெடுத்த 12 பாரம்பரிய நகரங்களில் காஞ்சியும் வேளாங்கண்ணியும் உண்டு. 2019 மார்ச்சில் திட்டம் முடிந்தது. பராமரிப்பு முடியுமா?

அதனால் அடுத்த முறை மன்றத்தில் தீர்மானம் போடும்போது, கட்டடச் செலவோடு பத்து வருடப் பராமரிப்புச் செலவையும் மதிப்பீட்டில் எழுதியே கேட்கட்டும். குழாய் உடைந்தால் மாற்றுவது யார் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.