இடுப்பு வலி என்னும் சொத்து

இடுப்பு வலி உள்ள குடும்பஸ்தனுக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு. தண்ணீர் கேனைத் தூக்கச் சொல்ல மாட்டார்கள். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க ஏணியில் ஏற்ற மாட்டார்கள். கல்யாண வீட்டில் மற்ற ஆண்பிள்ளைகள் சாம்பார் வாளியோடு ஓடும்போது, "அவர விடுங்க, இடுப்பு வலிக்காரர்" என்று நாற்காலி போட்டுக் காபியும் தருவார்கள். இத்தனை சலுகைகளை வருஷக்கணக்காக ஆண்டு அனுபவித்து வந்த நான், மனைவி பேச்சைக் கேட்டு ஒரு வர்ம ஆசானிடம் போய்ப் படுத்தேன்.

எங்கள் குமரி மாவட்டத்து ஆசான்கள் இரண்டு வித்தை அறிந்தவர்கள். அடிமுறையில் ஆளைச் சாய்ப்பது ஒன்று. சாய்ந்தவனைத் தடவி எழுப்புவது இன்னொன்று. உடம்பில் வர்மம் 108. தொடுவர்மம் 96, படுவர்மம் 12. படுவர்மத்தில் பலமாக அடிபட்டால் ஆளே போய்விடுவான் என்பார்கள். கோவணத்தோடு பலகையில் குப்புறக் கிடக்கிறவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஞாபகம் வரக்கூடாது. எனக்கு வந்தது.

காயத்திருமேனித் தைலத்தை இளஞ்சூடாக ஊற்றி உள்ளங்கையால் நீவினார். 'அட, இதுக்கா பயந்தோம்' என்று கண் சொருகிய நேரத்தில் கட்டைவிரல் இறங்கியது. மேசை இழுப்பறை மூலையில் தொலைந்த சாவியைத் துழாவுகிற மாதிரி முதுகெலும்போரம் துழாவி, தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி, எனக்குள் இருப்பதாக எனக்கே தெரியாத ஓர் இடத்தில் போய் நின்றது. குலதெய்வத்தில் ஆரம்பித்து, பக்கத்து ஊர்த் தெய்வங்கள்வரை கூப்பிட்டுப் பார்த்தேன்.

"மூச்சப் பிடிச்சு வச்சிட்டுக் கெடந்தா எப்படி சாரே? விடணும்" என்றார்.

விட்டால் திரும்பி வருமா என்பதுதானே என் கவலை!

சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடுவது, ஒன்பது வகை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று போகும். எல்லாம் எனக்கு நடந்தது. அவற்றில் எனக்குப் பிடித்தது மல்லாத்துதல் மட்டும்தான். புரட்டிப் போடுகிற அந்த ஒரு நொடியாவது கட்டைவிரலுக்கு வேலை இல்லை.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த விரல் கோள் சொல்லும். கேட்பதற்கு என் மனைவி திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"இடுப்பு ஒரு பக்கமா தூக்கிட்டு நிக்கே. பின் பாக்கெட்டுல பர்ஸ் வச்சிட்டு இருப்பியளோ?"

"அது பர்ஸ் இல்ல ஆசானே, பழைய ரசீதுக் கட்டு" என்று திண்ணையிலிருந்து பதில் வந்தது.

அடுத்த தடவை தொடையைப் பிடித்தார். "முன்பக்கம் சுருங்கிக் கெடக்கு. நாள் முழுக்க இருந்து பாக்குற வேலையோ?"

"வீட்டுக்கு வந்தாலும் அதே வேலதான்."

அதற்கடுத்த தடவை கழுத்து. நான் சோபாவில் எந்தப் பக்கம் சரிந்து டிவி பார்ப்பேன் என்பதை விரலாலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாசித்துவரும் குற்றப்பத்திரிகைக்கு, நான் காசு கொடுத்து சாட்சி ஏற்பாடு செய்திருந்தேன்.

அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் மகனிடம் போனில் புலம்பினேன். "இங்கயும் ரால்ஃபிங்னு ஒண்ணு இருக்கு மாமா" என்றான். ஐடா ரால்ஃப் என்ற அம்மையார், 1920இல் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், உண்டாக்கிய முறையாம். தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வை அழுத்தி அழுத்தி ஆளை நேராக்குவார்களாம். 10 தடவை படுத்தால் ஒரு சுற்று முடிந்தது. நம்மையும் அத்தோடு விட்டுவிடுவார் என்ற நப்பாசையில் ஆசானிடம் சொன்னேன்.

"பத்துலயே நிமிந்திருவானா? அங்க உள்ள ஆளுவளுக்கு சோம்பல் கொறவு போல" என்றார்.

பத்தியமும் உண்டு. பச்சைத்தண்ணீர்க் குளியல் கூடாது, பகல் தூக்கம் கூடாது. முதலாவதை நான் பார்த்துக்கொண்டேன். இரண்டாவதை மனைவி பார்த்துக்கொண்டாள்.

வலி போய்விட்டது. வருத்தத்தோடுதான் சொல்கிறேன். குனிந்தால் கை தரையைத் தொடுகிறது. தொடுவதை வீட்டிலும் பார்த்துவிட்டார்கள். "கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்கக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க ஆசானே" என்று கடைசி நாளில் காதோடு கெஞ்சினேன். "தூக்கலாமே! தூக்கினாத்தான் உடம்பு நிக்கும்" என்று திண்ணைக்குக் கேட்கும்படி அடித்துச் சொன்னார் மனுஷன்.

சக இடுப்பு வலிக்காரர்களே, ஆசான் கைராசிக்காரர், தாராளமாகப் போங்கள். மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.